சாவியைப் பிள்ளை கையில் கொடுப்பதற்கு முன்: முதல் ஏ.டி.வி.

தண்டையார்பேட்டையில் டூ வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கொஞ்ச வருஷமாகப் பிள்ளைகள் ஓட்டும் சின்ன ஏ.டி.வி.களும் வேலைக்கு வருகின்றன. நாலு குண்டு டயர், ஒரு ஹேண்டில்பார், 110 சிசி இன்ஜின். கியர் மாற்றும் வேலை இல்லை, கட்டை விரலால் அமுக்கினால் ஓடும். பார்க்கப் பொம்மை மாதிரி இருப்பதால் பெட்டியைப் பிரித்த கையோடு பெட்ரோலை ஊற்றிப் பிள்ளையை ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் வண்டியின் எடை பிள்ளையின் எடையைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கவிழ்ந்தால் அடியில் மாட்டுவது பிள்ளைதான். முதல் ரவுண்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் இதில் முக்கால்வாசி. என் அக்கா மகளுக்குப் பத்து வயதில் ஒன்று வாங்கினார்கள். அதை எப்படித் தயார் செய்தேன், நம் பக்கத்து உப்புக் காற்றில் எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதுகிறேன்.

முதலில் வயது. அமெரிக்காவில் இந்த வண்டிகளில் வயது லேபிள் ஒட்டித்தான் விற்கிறார்கள். சிறுவர் வண்டி 6 வயதில் ஆரம்பிக்கிறது, அடுத்தது 10. அங்கேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி, 16 வயதுக்குக் கீழே ஏ.டி.வி. வேண்டவே வேண்டாம் என்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டு பெற்றவர்கள் முடிவெடுக்கட்டும். ஆறு வயது ஆகாத பிள்ளைக்கு எவ்வளவு சின்ன வண்டி என்றாலும் நான் தயார் செய்து கொடுப்பதில்லை.

அடுத்தது இடம். தெரு கூடாது, அதில் பேச்சே இல்லை. இந்த வண்டிக்குப் பதிவு எண் கிடையாது, பிள்ளைக்கு லைசென்ஸும் கிடையாது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றமானால் பெற்றவருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் உண்டு. சட்டத்தை விடுங்கள், எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகிற போக்கைப் பார்த்தவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள். கடற்கரை மணலும் வேண்டாம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஆமைகள் முட்டையிட ஏறி வருகிற கரை அது. போதாததற்கு ஈர மணல் செயினையும் பேரிங்கையும் தின்றுவிடும். சுற்றிலும் வேலியோ சுவரோ உள்ள மண் தரைதான் சரி. எங்களுக்குச் சோழவரம் பக்கம் சொந்தக்காரர் மனை ஒன்று இருக்கிறது. குட்டி யானையில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போவோம். இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன்னால் மெட்ராஸ் ரேஸ் எல்லாம் நடந்தது அந்தச் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில்தான். போகிற வழியில் அதைப் பற்றி அவளிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

வண்டி பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்பதை இன்ஜினைத் தொடாமல், வண்டியை நிறுத்தி வைத்தே பார்க்கலாம். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். சீட்டுக்கும் கால்களின் கவட்டுக்கும் நடுவே 3 முதல் 6 அங்குலம் இடைவெளி வேண்டும். குறைந்தால் மேடு பள்ளத்தில் சீட் தூக்கி எறியும். உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தால் முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும். ஹேண்டிலை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பியபோதும் கட்டை விரல் ஆக்ஸிலரேட்டரை விட்டு நழுவக் கூடாது. விரலை நீட்டினால் நடு விரலின் முதல் கணு பிரேக் லீவரைத் தாண்டிப் போக வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் நிறைய பிள்ளைகள் தோற்கிறார்கள். லீவர் கிளாம்பைத் தளர்த்தி, அவள் மணிக்கட்டு நேராக இருக்கும்படி லீவரைக் கொஞ்சம் கீழே சாய்த்தேன். அதற்கு மேல் எட்டவில்லை என்றால் ஒரு வருஷம் போகட்டும். கை வளரும்.

அப்புறம் ஸ்பேனர் வேலை. பெட்டியில் வரும்போது முன் சக்கரம், ஹேண்டில், பம்பர் தனியாக இருக்கும், மற்றது எல்லாம் பூட்டியிருக்கும். பூட்டியிருப்பதை நம்பாதீர்கள். ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். என் அப்பா 1956 முதல் புல்லட் செய்த திருவொற்றியூர் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். டைட் வைத்த நட்டு, போல்ட் இரண்டின் மேலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுவார். நான் அக்காவின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டேன். நட்டு துளி நகர்ந்தாலும் கோடு விலகித் தெரியும். சக்கர நட்டு, ஹேண்டில் கிளாம்ப், ஸ்டீயரிங் தண்டு, அதை முன் சக்கரங்களோடு இணைக்கும் கம்பியான டை ராடின் முனைகள், பின் அச்சு எல்லாவற்றிலும் கோடு போட்டேன். கிளம்புமுன் குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். சக்கரம் மாட்டுகிற ஹப்பின் பெரிய நட்டில், அது கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் (இரட்டைக் கால் கம்பி ஊசி) இருக்கிறதா, அதன் இரண்டு காலும் மடக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிளிட் பின் இல்லாத ஹப் ஒன்று என் கடைக்கே வந்திருக்கிறது. கூடவே வரும் போல்ட்டுகள் சிலவற்றில் மரை மெழுகு போல வழுக்கும். மண்ணடிக் கடைகளில் 8.8 கிரேடு (உறுதியான இரும்பு) என்று கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை.

முன் சக்கர அலைன்மென்ட்டை யாரும் பார்ப்பதில்லை, பிள்ளையின் கை வலிக்க அதுவே முதல் காரணம். ஹேண்டிலை நேராக வைத்து, முன் டயர் இரண்டின் நடுவிலும் முன்பக்கம், அச்சு உயரத்தில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிக்கும் நடுவே டேப் பிடித்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை மெல்ல உருட்டி, அதே புள்ளிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். முன் அளவு பின் அளவைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் வண்டி நேராக ஓடும். இல்லையென்றால் டை ராடின் இரண்டு பக்க லாக் நட்டையும் தளர்த்தி நடுக் கம்பியைத் திருப்புங்கள். ஒரு முனையில் இடது மரை இருக்கும், அதனால் எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். இடம், வலம் இரண்டையும் சமமாகத் திருப்ப வேண்டும். எங்கள் வண்டியில் முன்பக்கம் ஒரு விரல் அளவு அகலமாக இருந்தது. சரி செய்த பிறகு ஒரு கையால் தள்ளினாலே கோடு போட்டது போல் நேராகப் போனது.

டயர் காற்று பங்க்கில் அடிக்கிற விஷயம் இல்லை. இந்த டயருக்கு 2 முதல் 5 பி.எஸ்.ஐ.தான், சரியான எண் டயரின் பக்கவாட்டிலோ வண்டியின் லேபிளிலோ இருக்கும். பங்க் கேஜ் அவ்வளவு குறைந்த காற்றைக் காட்டவே காட்டாது. குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் தனியாக வாங்கி, கால் பம்பில் அடியுங்கள். 20, 25 என்று ஏற்றினால் வண்டி பந்தாகக் குதிக்கும். இடது வலது டயரில் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கம் இழுக்கும்.

நிறுத்தும் சாதனங்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். ஆக்ஸிலரேட்டர் பெட்டியின் கீழே லாக் நட்டோடு ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதை உள்ளே திருப்பத் திருப்ப, விரல் எவ்வளவு அமுக்கினாலும் வேகம் ஏறாது. நான் பக்கத்தில் நடந்தே கூட வரக்கூடிய வேகத்தில் வைத்து, லாக் நட்டை இறுக்கி, அங்கேயும் சிவப்புக் கோடு போட்டேன். பின்னால் கில் ஸ்விட்ச் கயிறு. அதன் மறுமுனை பிள்ளையின் மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டும், விழுந்தால் இன்ஜின் அணைய வேண்டும். ரிமோட்டும் வரும், ஆனால் ரிமோட்டை மட்டும் நம்பக் கூடாது. பேட்டரி தீர்ந்த ரிமோட் வெறும் பிளாஸ்டிக். இரண்டையும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் ஓடும்போது இழுத்தும் அமுக்கியும் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை அமுக்கி விட்டால் ‘டக்’ என்று தானாகத் திரும்ப வேண்டும். ஹேண்டிலை முழுக்கத் திருப்பிவைத்தும் இதைப் பாருங்கள். கேபிள் இழுபட்டால் திரும்பும்போது தானாக ரேஸ் ஆகும்.

ஹெல்மெட் முகம் மூடும் வகை, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு. புருவத்துக்கு மேலே டேப் வைத்துத் தலையை அளந்து வாங்குங்கள். வளரும் பிள்ளை என்று பெரிதாக வாங்கினால் விழும்போது கழன்றுவிடும். கண்ணாடி, கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கை சட்டை. பின்னால் தம்பியை ஏற்றுவது கிடையாது. சீட் நீளமாக இருப்பது ஓட்டுகிறவர் முன்னே பின்னே நகர்வதற்காக. பின் அச்சு ஒரே கம்பி, இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகத்தான் சுற்றும். திரும்ப வேண்டுமென்றால் உடம்பை உள்பக்கம் சாய்த்தாக வேண்டும். பின்னால் ஒருவர் இருந்தால் அது முடியாது.

இனி இன்ஜின். பெட்டியில் வரும் ஆயிலை வடித்துவிட்டு 10டபிள்யூ-40 பைக் ஆயில் ஊற்றுங்கள். கார் ஆயில் வேண்டாம், கிளட்ச் ஆயிலில் நனைகிற வகை, வழுக்கும். பெரும்பாலும் ஒரு லிட்டருக்குள்தான் பிடிக்கும். ஓடியது நாலைந்து மணி நேரம் ஆனதும் மறுபடி மாற்றுங்கள். அந்த முதல் ஆயிலை வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்தேன். சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று துகள்கள் சுழன்றன. புது கியரும் பிஸ்டனும் ஒன்றோடொன்று உரசிப் படிகிற தூள் அது. மெல்லிய தூளாக இருந்தால் கவலை வேண்டாம். ஊசி மாதிரி துண்டு வந்தால் திறந்து பார்க்க வேண்டும். டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வை அமுக்கும் இடத்தில் விடுகிற சின்ன இடைவெளி, இந்த வகை இன்ஜினில் வழக்கமாக 0.05 மில்லிமீட்டர், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ஃபீலர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள். வண்டியோடு வந்த கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், வாரக் கடைசியில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு இது நிஜமான தொல்லை. அன்றைக்குத் தேவையானதை மட்டும் ஊற்றுங்கள். முடித்ததும் பெட்ரோல் டேப்பை மூடி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் நிறுத்தி வைப்பதென்றால் கார்ப்பரேட்டர் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் திறந்து சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிடுங்கள். ‘ஸ்டார்ட் ஆகல அண்ணா’ என்று கொண்டு வரும் பத்தில் பாதிக்குப் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் போகிற சின்னத் துளையான பைலட் ஜெட்டைக் கழற்றி ஊதினாலே போதும்.

நம் ஊரில் மணி நேரக் கணக்கைவிடக் காற்றின் கணக்குதான் பராமரிப்பைத் தீர்மானிக்கும். காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் ஜன்னல் கம்பியே எப்படித் துருப்பிடிக்கிறது என்று தெரியும். ஓட்டாமல் நிறுத்தியிருந்தாலும் மாதம் ஒரு முறை செயினை மண்ணெண்ணெய் பிரஷால் துடைத்து, பனியன் வேஸ்ட்டால் ஒற்றி, செயினுக்கான மசகு ஸ்பிரே அடியுங்கள். செயினின் நடுவில் விரலால் தூக்கினால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் ஆட வேண்டும். இறுக்கினால் பேரிங் போகும், தளர்ந்தால் செயின் கழலும். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனை) உள்ள இடத்தில் எல்லாம் புது கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள். கழுவும்போது வாட்டர் சர்வீஸ் பிரஷர் பேரிங் பக்கம் போகக் கூடாது, வாளித் தண்ணீர் போதும். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே ஈரம் வியர்த்து நிற்கும். பழைய பருத்திப் போர்வை நல்லது.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச்தான். சோப்புத் தண்ணீரில் பிழியாமல் அமுக்கிக் கழுவி, நிழலில் காய வைத்து, சில சொட்டு ஆயில் விட்டுப் பரவலாகப் பிசைந்து மாட்டுங்கள். மண் தரையில் ஓடிய ஒவ்வொரு நாளுக்கும் பிறகு திறந்து பார்ப்பது நல்லது.

மழைக்காலத்துக்கு முன்னால் வண்டியை மாடிக்கோ உயரமான திண்ணைக்கோ ஏற்றிவிடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நம் பக்கம் நின்ற தண்ணீர் வெறும் மழைத் தண்ணீர் இல்லை, எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் கலந்திருந்தது. வண்டி மூழ்கியிருந்தால் செல்ஃப் அடித்துப் பார்க்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி, பிளக்கைக் கழற்றி, ஆயிலையும் பெட்ரோலையும் முழுக்க வடித்த பிறகுதான் இன்ஜினைச் சுற்ற வேண்டும். ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அந்த நிறம் போகும்வரை ஆயில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வண்டியைச் சரிபார்க்கும் வேலையை மெல்ல மெல்லப் பிள்ளையிடமே கொடுங்கள். அக்கா மகள் இப்போது டயரை அமுக்கிப் பார்ப்பாள், சிவப்புக் கோடுகளை வரிசையாகப் பார்ப்பாள், பிரேக்கைப் பிடித்து வண்டியைத் தள்ளிப் பார்ப்பாள். ‘மாமா, கயிறு மாட்டிட்டேன், இழுத்துப் பாருங்க’ என்பாள். வேக ஸ்க்ரூவை எப்போது தளர்த்துவது என்று அக்கா கேட்டாள். தரையில் ஒரு செங்கல் வைத்திருக்கிறேன். முழு வேகத்தில் வந்து, முன் டயர் செங்கல்லைத் தொடாமல், தொடர்ந்து பத்து முறை நிறுத்த வேண்டும். இரண்டு பக்கமும் எட்டு வடிவத்தில் உடம்பைச் சாய்த்துத் திரும்ப வேண்டும். அது முடிந்தால் அரைச் சுற்றுத் தளர்த்துவேன், மறுபடி லாக் நட்டு, மறுபடி புதுக் கோடு. அதற்கப்புறம் மறுபடி செங்கல்.