லோயரிங் ஸ்பிரிங்கும் புதிய ஸ்ட்ரட்டும்: காரைத் தாழ்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொகுசுக் காரின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஸ்பிரிங்குகளை மாட்டுவது பார்வைக்கு ஒருநாள் வேலைதான். சக்கரங்களைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதைப் பொருத்தி, கூடவே ஸ்ட்ரட்டையும், அதாவது ஸ்பிரிங்கைத் தாங்கி அதிர்வை அடக்கும் அப்சார்பர் தொகுப்பையும், மாற்றிவிட்டால் முடிந்தது என்றுதான் முதன்முறை இறங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் காரின் அடியில் மூட்டுகளில் மெத்தைபோல் இருக்கும் ஒவ்வொரு ரப்பர் புஷ்ஷும், முகப்பு விளக்கை ஏற்றி இறக்கும் சென்சாரும், சக்கரங்கள் நிற்கும் கோணமும், கார் இன்ன உயரத்தில் நிற்கும் என்று வைத்துக்கொண்டு அமைக்கப்பட்டவை. அந்த உயரத்தில் 30 மில்லிமீட்டரைக் குறைக்கிறவர், அதை நம்பியிருக்கும் எல்லாவற்றையும் திருத்தித் தரும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார். இந்த வேலையில் நான் கண்ட தவறுகள் அனேகமாக எல்லாமே, எங்கோ ஓரிடத்தில் உயரத்தை மறந்ததால் வந்தவை.

ஆகவே முதல் தவறு, அளக்காமல் தொடங்குவது. காரைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு பக்கமும் சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர்மேலே உள்ள மட்கார்டு விளிம்புவரை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கில் புகுந்துவிடும். மையத்திலிருந்து அளந்தால் அந்தக் குழப்பம் இல்லை. எழுதிய தாளை டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டு வையுங்கள். வேலை முடிந்த அன்றும், ஒரு மாதம் கழித்தும் அது தேவைப்படும்.

அடுத்தது தேர்வில் நேரும் தவறு. பெட்டியின் மேல் 30 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், அது சாதாரண சஸ்பென்ஷன் கொண்ட காரிலிருந்து கணக்கிடப்பட்ட அளவு என்பதை வாங்குகிறவர் கவனிப்பதில்லை. ஸ்போர்ட் பேக்கேஜோடு வந்த கார் தொழிற்சாலையிலேயே ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் தாழ்ந்து வந்திருக்கலாம். அதில் இதே ஸ்பிரிங்கை மாட்டினால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் பாதிதான். ஸ்பிரிங் என்பது எடையைத் தாங்கும் பொருள் என்பதும் இங்கே மறந்துபோகிறது. ஒரே மாடலில் நான்கு சிலிண்டர் என்ஜின் உள்ள காருக்கும் ஆறு சிலிண்டர் என்ஜின் உள்ள காருக்கும் முன்பக்க எடை வேறு. எனவே ஸ்பிரிங்கின் எண்ணும் வேறு. ஸ்பிரிங் தயாரிப்பாளரின் பட்டியலில் இருக்கும் அச்சு எடையையும், காரில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள அச்சு எடையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். காற்றுப் பையில் நிற்கும் ஏர்மேட்டிக் வகைக் கார்களில் இந்த ஸ்பிரிங்குக்கு இடமே இல்லை. மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் அப்சார்பர் உள்ள காரில் சாதாரண ஸ்ட்ரட்டை மாட்டினால் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கிவிடும். இவ்விரண்டையும் விற்பனையாளரிடம் கேட்டு உறுதிசெய்வதைவிட, காருக்கு அடியில் குனிந்து பார்த்து உறுதிசெய்வது நல்லது.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, எட்டு வருடம் ஓடிய அப்சார்பரை அப்படியே விட்டுவிடுவது நம் சிங்கப்பூரில் மிகப் பரவலான சிக்கனம். கார் 30 மில்லிமீட்டர் தாழ்ந்தால், அப்சார்பரின் பிஸ்டனும் அதற்கு ஏற்றபடி உள்ளே இறங்கித்தான் எப்போதும் வேலை செய்யும்; மேடு பள்ளத்தில் மேலும் அமுங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரம் குறையும்; எல்லையில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு அடிக்கடி இடிக்கும். பில்ஸ்டைன் நிறுவனம் இதற்காகவே தன் அப்சார்பர்களை வகைபிரித்து விற்கிறது: பி4 அசல் பாகத்துக்கு மாற்று, பி6 அசல் நீளத்தில் உறுதி கூடியது, பி8 தாழ்த்தப்பட்ட கார்களுக்கான குட்டை வகை. லோயரிங் ஸ்பிரிங் வாங்குகிறவர் பி8 பக்கம் போவதே முறை. நீளமான அப்சார்பரோடு குட்டை ஸ்பிரிங்கைச் சேர்த்தால், சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடவும் கூடும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துகிறவர்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

பாகங்கள் சரியாக வந்து சேர்ந்த பிறகு, கழற்றும் கட்டத்தில் உயிருக்கே ஆபத்தான ஒரு தவறு காத்திருக்கிறது. ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் நடு நட்டுதான் அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. நடுத்தரச் சொகுசுக் கார் ஒன்றின் முன்சக்கரம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 கிலோ எடையைத் தாங்குகிறது என்றால், அந்தச் சுருளுக்குள் எவ்வளவு விசை அடங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்பிரிங் கம்பிரஸர் என்ற கருவி கொண்டு ஸ்பிரிங்கை அமுக்கி, அது இருக்கையிலிருந்து விடுபட்டுக் கையால் அசைகிறது என்பதைப் பார்த்த பிறகே அந்த நட்டைத் தொட வேண்டும். பல பென்ஸ் மாடல்களின் பின்பக்க ஸ்பிரிங் அப்சார்பரிலிருந்து தனியாக, சக்கரத்தைத் தாங்கும் ஆர்முக்கும் பாடிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். அதற்கு உள்ளே நுழைத்துச் சுருளைப் பிடிக்கும் தட்டு வகைக் கம்பிரஸர்தான் ஏற்றது. கொக்கி வகையை அதில் மாட்டிப் பார்ப்பது விஷப்பரீட்சை. இந்த வேலையை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வாகன நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஸ்ட்ரட்டைக் கோக்கும்போது செய்யும் சிறு தவறுகள் பிறகு பெரிய சத்தமாக வந்து நிற்கும். தேய்ந்த மேல் மவுண்டையும் பேரிங்கையும் பழைய நண்பர்கள் என்று எண்ணித் திரும்ப மாட்டினால், ஆறு மாதத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டக் டக்கென்ற சத்தம் கேட்கும். அதை மாற்ற மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பிஸ்டன் கம்பி சுற்றாமல் இருக்க அதைக் குறட்டால் பிடிப்பது இன்னொரு கெட்ட பழக்கம். பளபளக்கும் அந்தக் கம்பியில் நகக்கீறல் அளவு தடம் விழுந்தாலும், அது மேலும் கீழும் போகும் ஒவ்வொரு முறையும், எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் கசியும்போது ஸ்ட்ரட் விற்றவரை நொந்து பயனில்லை. நட்டை இம்பாக்ட் கன் கொண்டு இறுக்குவதும் கூடாது. இரட்டைக் குழாய் வகை அப்சார்பரை மாட்டும் முன் நிமிர்த்தி வைத்து நான்கைந்து முறை மெல்ல அமுக்கி விட்டால், படுக்க வைத்திருந்த காலத்தில் உள்ளே சேர்ந்த காற்று வெளியேறிவிடும். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்கிற பட்டறைகள் குறைவு. ஸ்பிரிங்கின் முனை இருக்கையின் தடுப்பில் போய் முட்டி நிற்கிறதா என்றும், அதன்மேல் அச்சிட்ட எழுத்து தலைகீழாக இல்லாமல் படிக்கும்படி நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தானே இறுகிக்கொள்ளும் வகை நட்டுகளை ஒருமுறை கழற்றினால் புதியதுதான் போட வேண்டும்.

இனி நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்ட தவறு. என்னுடைய கார் டபிள்யூ204 வகை பென்ஸ் சி கிளாஸ். பத்து ஆண்டு முடிந்து வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்த கையோடு ஸ்பிரிங்கையும் ஸ்ட்ரட்டையும் மாற்றினேன். வேலை செய்த பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். நான்காவது மாதத்தில், எங்கள் புளோக்குக்கு முன்னால் இருக்கும் வேகத்தடை மேட்டில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும், பழைய மரக்கதவைத் திறப்பதுபோல் பின்பக்கத்தில் முனகல் கேட்கத் தொடங்கியது. காக்கி புக்கிட்டில் வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மூத்த மெக்கானிக் காரைத் தூக்கி, பின்பக்க ஆர்மின் உள்முனையில் இருந்த புஷ்ஷின்மேல் டார்ச் அடித்து, பெருவிரல் நகத்தால் ரப்பரின் விளிம்பைத் தள்ளிக் காட்டினார். இரும்பு உறையை ஒட்டிப் பிறை வடிவத்தில் ஒரு வெடிப்பு. நகம் உள்ளே போயிற்று. “தொங்கப் போட்டுட்டு முறுக்கியிருக்காங்க தம்பி. காரு கீழ இறங்கின நாள்லேர்ந்து இந்த ரப்பரு திருகிக்கிட்டேதான் நிக்குது” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இது. புஷ்ஷின் நடுக் குழாயும் வெளி உறையும் ரப்பரோடு ஒட்டவைக்கப்பட்டவை. போல்ட்டை இறுக்கியதும் நடுக் குழாய் அசையாமல் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், அந்தத் தொங்கும் நிலையையே ரப்பர் தன் ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்கிறது. காரைத் தரையில் இறக்கிய கணமே அது பெரிய கோணத்துக்கு முறுக்கப்பட்டு, கார் சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கிலேயே கிடந்து, ஓடும்போது மேலும் முறுக்கப்பட்டு, சில மாதங்களில் கிழிகிறது. தாழ்த்தப்பட்ட காரில், தொங்கும் நிலையிலிருந்து சக்கரம் அமரும் நிலை இன்னும் தள்ளியிருப்பதால் கிழிசல் விரைவில் வரும். சரியான முறையில், கழற்றிய போல்ட்டுகளைக் கையால் மட்டும் பூட்டி, காரைச் சக்கரத்தின்மேல் நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்து, முன்னும் பின்னும் தள்ளி, அமுக்கிவிட்டு, அதன் பிறகே டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். கார் ஏறி நிற்கும் வகை லிஃப்ட் இருந்தால் எளிது. இல்லையென்றால் ஆர்முக்கு அடியில் ஜாக் வைத்து, நாம் எழுதி வைத்த தாளில் உள்ள அளவிலிருந்து தாழ்த்திய அளவைக் கழித்து, அந்த உயரம் வரும்வரை தூக்கி இறுக்கலாம். பட்டறையில் காரை விடும் முன், எந்த உயரத்தில் போல்ட்டை இறுக்குவீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

சக்கர அலைன்மென்ட்டில் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் செய்வதே இல்லை. சிலர் ஸ்பிரிங் மாட்டிய மாலையே செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். புதிய ஸ்பிரிங் முதல் சில வாரங்களில் இன்னும் சில மில்லிமீட்டர் அமரும். எனவே மாட்டிய அன்று டோவை (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும் சரிபார்த்துக்கொண்டு, 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு முழு அலைன்மென்ட் செய்வது நல்லது. கிழக்கிலிருந்து மேற்குவரை 50 கிலோமீட்டரே உள்ள இத்தீவில் அந்தத் தூரம் ஓட இரண்டு மூன்று வாரமாகும் என்பதால், நாட்காட்டியில் குறித்து வைப்பது உதவும். தாழ்த்திய காரில் டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லாரும் சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் கோணமான காம்பரைத்தான் குறைசொல்கிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் குற்றவாளி டோதான்.

முகப்பு விளக்கை யாரும் நினைப்பதே இல்லை. செனான் விளக்குள்ள கார்களில் அச்சின் உயரத்தைப் பார்க்கும் சென்சார் ஒரு சிறு கம்பியால் ஆர்மோடு இணைக்கப்பட்டிருக்கும். கார் தாழ்ந்ததும், ஆள் ஏறியதாகவோ பின்பக்கச் சாமான் பெட்டியில் (பூட்) சுமை ஏறியதாகவோ எண்ணி அது விளக்கின் கோணத்தைத் தவறாக மாற்றும். கணினியை இணைத்துப் புதிய உயரத்தை அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆர்மைக் கீழே இறக்கும் முன் அந்தக் கம்பியைக் கழற்றாவிட்டால் அது உடையும் என்பதும் நினைவிருக்கட்டும்.

விதிகளைப் பொறுத்தவரை, எந்த மாற்றத்துக்கு ஒப்புதல் வேண்டும், எது கூடவே கூடாது என்பதை நிலப் போக்குவரத்து ஆணையம் ஒன்மோட்டாரிங் தளத்தில் வெளியிட்டிருக்கிறது. பாகங்களை வாங்கும் முன் அதைப் படியுங்கள். மூன்று வயது முதல் பத்து வயதுவரையிலான கார்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதைக் கடந்தவற்றுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பிறகு நீங்கள் அன்றாடம் ஏறி இறங்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள்: அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தின் சரிவு, கொண்டோ நிலவறையின் கூர்மையான திருப்பம், தீபாவளிக்கு முந்திய வாரம் ஜோகூரில் சாமான் வாங்கிக்கொண்டு ஐந்து பேரோடு திரும்பும் பயணம். ஆளில்லாத காரில் அழகாகத் தெரியும் இடைவெளி, பூட் நிறைந்த காரில் அப்படியே இருக்காது.

கிழிந்த புஷ்ஷுகளை மாற்றி, சரியான உயரத்தில் போல்ட்டுகளை இறுக்கிய பிறகு அந்த மெக்கானிக் என் தாளை வாங்கி மறுபடியும் அளந்தார். பின்பக்கம் ஆறு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அத்தனை மாதமும் முறுக்கிக்கொண்டிருந்த ரப்பர்தான் காரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருக்கிறது. பென்ஸில் ஸ்பிரிங்குக்கும் பாடிக்கும் நடுவே வைக்கும் ரப்பர் பேடுகள் பல தடிமன்களில் வருகின்றன. அவற்றின் விளிம்பில் உள்ள புடைப்புகளை எண்ணித் தடிமனை அறியலாம். தொழிற்சாலையில் காரின் கூடுதல் வசதி ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, கூட்டுத்தொகைக்கு ஏற்ப ஸ்பிரிங்கையும் பேடையும் தேர்ந்தெடுப்பது அவர்கள் வழக்கம். ஒரு புடைப்புப் பேடுக்குப் பதில் இரண்டு புடைப்புப் பேடை வைத்தால் போன உயரம் திரும்ப வந்துவிடும் என்றார். வலப்பக்கம் இன்னும் மூன்று மில்லிமீட்டர் உயரமாக இருக்கிறதே என்று கேட்டேன். ஓட்டுநர் இருக்கையைக் காட்டி, என்னை ஏறி உட்காரச் சொல்லிவிட்டு, டேப்பை மறுபடியும் மட்கார்டில் வைத்தார்.