இன்னும் மாறவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையை (புது வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்ட அட்டை) வாங்கிக்கொண்டு, இந்த வருஷம் தினமும் அதிகாலையில் ஜெபிப்பேன், வேதாகமத்தை முழுதாக வாசித்து முடிப்பேன், வீட்டில் கோபப்படவே மாட்டேன் என்று ஒப்புக்கொடுத்துவிட்டு வருகிறோம். பிப்ரவரியில் வேதாகமத்தின் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தோடு வாசிப்பு நின்றுவிடுகிறது. கோபம் ஜனவரி முதல் வாரத்திலேயே திரும்பி வந்திருக்கும். அப்புறம் அந்தக் கேள்வி வரும்: நான் உண்மையிலேயே இரட்சிக்கப்பட்டேனா? பல வருஷம் இந்தக் கேள்வியோடுதான் நானும் தூங்கப் போயிருக்கிறேன்.

முதலில், தினமும் உங்களை அளந்து பார்ப்பதை நிறுத்துங்கள். மாற்கு சுவிசேஷம் 4ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில் வரும் விவசாயி விதைத்துவிட்டுத் தூங்குகிறான், எழுகிறான், விதை எப்படி வளர்கிறது என்று அவனுக்கே தெரியாது. முன்பு முளை, பின்பு கதிர், அதற்கப்புறம்தான் தானியம். நாற்று பச்சை பிடிக்கிற நேரத்தில் வயலில் இறங்கி நெல் எங்கே என்று யாராவது தேடுவார்களா? ஒரு நோட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எழுதுங்கள். எதற்குப் பயப்படுகிறேன், யாரோடு பேசாமல் இருக்கிறேன், தப்பு செய்தபின் மன்னிப்புக் கேட்க எத்தனை நாள் ஆகிறது. கடைசிக் கேள்விதான் எனக்கு அதிகம் உதவியது. முன்பெல்லாம் மனைவியிடம் கத்திவிட்டு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், இப்போது அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்பே போய் "தப்பு என்மேல்தான்" என்று சொல்லிவிடுகிறேன். கோபம் போய்விடவில்லை, ஆனால் அந்த மூன்று நாள் சில மணி நேரமாகக் குறைந்தது என் முயற்சியால் வந்ததல்ல என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வாசிப்பைச் சின்னதாக்குங்கள். வேதாகமத்தின் சங்கீத புத்தகத்தில் ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம் போதும், 150 சங்கீதமும் ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். 119ஆம் சங்கீதம் வரும்போது மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள், அதில் 176 வசனம் இருக்கிறது.

ஆண்டவர் தங்களை மாற்றினதைப் பற்றி மற்றவர்கள் சபையில் சொல்லும் சாட்சியோடு உங்களை ஒப்பிடாதீர்கள். ஒரே இரவில் குடியை விட்டேன் என்று ஒருவர் சொன்னால் அது உண்மைதான், ஆண்டவர் அப்படியும் செய்கிறார். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் அவருடைய மற்ற போராட்டங்களைச் சொல்ல நேரம் இருக்காது. பவுல், பர்னபா என்ற அப்போஸ்தலர்களோடு ஊழியப் பயணம் போன மாற்கு என்னும் யோவான் வழியில் பம்பிலியாவிலேயே ஊழியத்தை விட்டுத் திரும்பிப் போனவன். அடுத்த பயணத்தில் அவன் வேண்டாம் என்று பவுல் பிடிவாதமாக இருக்க, பர்னபா அவனைச் சேர்த்துக்கொண்டு சீப்புரு தீவுக்குப் போனார். பல வருஷம் கழித்து அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். சபையில் உங்களுக்கு ஒரு பர்னபாவைத் தேடிக்கொள்ளுங்கள், விழுந்ததைச் சொன்னால் அதிர்ச்சியடையாமல் உங்களோடு உட்கார்ந்து ஜெபிக்கிற ஒரு அண்ணனோ அக்காவோ போதும்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேய மாலுமி 1748 மார்ச்சில் அட்லாண்டிக் புயலில் சிக்கி ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டார், அந்த நாளை வாழ்நாள் முழுதும் நன்றியோடு நினைத்தார். ஆனால் அதற்குப் பிறகும் அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்குத் தலைவராகப் போய், 1754ல் உடல்நலம் கெட்ட பிறகுதான் கடலை விட்டார். 1764ல் குருவானார். அந்த வியாபாரத்துக்கு எதிராக அவர் வெளிப்படையாக எழுதியதோ 1788ல். நாற்பது வருஷம்! ஆண்டவர் அவரைக் கைவிடவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல், ஆனாலும் அவர் கண் திறப்பதற்குள் அந்தக் கப்பல்களின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடந்தவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. அதனால் உங்கள் பாவத்தால் இன்னொருவர் அடிபடுகிறார், பயப்படுகிறார், ஏமாற்றப்படுகிறார் என்றால், அங்கே "மெதுவாக வளர்கிறேன்" என்று சொல்லாதீர்கள். கையை ஓங்குவதை இன்றே நிறுத்த வேண்டும், கணக்கில் ஏமாற்றி எடுத்த பணத்தை இன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும், உதவி தேவையென்றால் போதகரிடமோ ஆலோசகரிடமோ இந்த வாரமே போக வேண்டும். உள்ளே இருக்கிற எரிச்சலும் ஆசையும் அடங்கத்தான் காலம் எடுக்கும், அதற்குத்தான் பொறுமை.

சரி, மறுபடி விழுந்துவிட்டால்? அடுத்த கன்வென்ஷன் கூட்டம் வரட்டும், முன்னே போய் முழங்காலில் நிற்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அன்று இரவே பாவத்தின் பெயரைச் சொல்லி அறிக்கையிடுங்கள், "ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னியும்" என்று பொதுவாக முடித்துவிடாதீர்கள். யாரைக் காயப்படுத்தினீர்களோ அவரிடமும் பேசுங்கள். பிறகு தூங்குங்கள். காலையில் எழுந்து, விட்ட சங்கீதத்திலிருந்தே தொடருங்கள், தவறிப்போன நாட்களுக்கெல்லாம் சேர்த்து வாசிக்க வேண்டாம்.