மாப்புங்குப்வே செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஆகஸ்டில், மாப்புங்குப்வே தேசியப் பூங்காவில், லிம்போபோ ஆறும் ஷாஷே ஆறும் கூடும் இடத்தைப் பார்த்தபடி அமைந்த காட்சி மேடையில் நின்றிருந்தபோது, பொன் காண்டாமிருகம் என்ற பழங்காலச் சிற்றுருவம் கிடைத்த குன்று எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஓர் இளம் தம்பதியர் என்னிடம் கேட்டனர். இரண்டு இரவுகள் தங்கி, யானைகளை மனம் நிறையக் கண்டுவிட்டு, அன்று நண்பகலில் ஊர் திரும்பவிருந்தவர்கள் அவர்கள். போகிற வழியில் காரை நிறுத்திக் குன்றைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தார்கள். பதினொரு ஆண்டுகளுக்கு முன் நானும் அதே எண்ணத்துடன் அதே மேடையில் நின்றேன். அதன் பிறகு ஆறு முறை சென்று வந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் யாரேனும் ஒருவர் அந்தத் தவறைச் செய்துகொண்டிருப்பதைக் காண்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். தொப்பி அணிய வேண்டும், விலங்குகளின் அருகே கத்தக் கூடாது என்பவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன்; அவை அனைவருக்கும் தெரிந்தவை.

தென்னாப்பிரிக்காவின் வட எல்லையில், போட்ஸ்வானாவும் ஜிம்பாப்வேயும் தொடும் மூலையில் இருக்கிறது மாப்புங்குப்வே தேசியப் பூங்கா. ஏறக்குறைய 1220 முதல் 1290 வரை செழித்திருந்த ஓர் அரசின் தலைநகரம் இங்கே இருந்தது. 2003-இல் இந்த நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது, இங்கு மனிதர் வாழ்ந்த வரலாற்றுக்காகத்தான், விலங்குகளுக்காக அன்று.

குன்றைக் கடைசிக்கு ஒதுக்குவது

மாப்புங்குப்வே குன்றுக்கு யாரும் தாமாகச் சென்றுவிட முடியாது. பூங்காவின் வழிகாட்டியுடன், முன்பதிவு செய்த பாரம்பரியச் சுற்றில் மட்டுமே அங்கே அழைத்துச் செல்வார்கள். இந்த ஒரு செய்தியை அறியாமல் வருபவர்கள், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சுமார் 500 கி.மீ. காரோட்டி வந்தும், அந்தப் பூங்கா எதற்காகப் பாதுகாக்கப்படுகிறதோ அதைக் காணாமலே திரும்புகிறார்கள்.

என் முதல் பயணத்தில் நான் செய்த பிழை இன்னும் சற்று நுட்பமானது. சுற்று உண்டு என்று எனக்குத் தெரியும். அங்கே போன பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். தங்குவதற்கு, ஆற்றோர மரங்களின் நிழலில் இருக்கும் லிம்போபோ வனக் கூடார முகாமைத் தேர்ந்தெடுத்தேன். இந்தப் பூங்கா கிழக்கு, மேற்கு என்று இரு துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது என்பதையும், நடுவில் தனியார் நிலம் இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வெளியே வந்து தார்ச்சாலையைப் பிடித்து வேறொரு வாயில் வழியாக நுழைய வேண்டும் என்பதையும் வரைபடத்தில் நான் கவனிக்கவே இல்லை. குன்றும், விளக்க மையமும், ஆறுகள் கூடும் இடமும் கிழக்கில் உள்ளன. என் கூடாரம் மேற்கில் இருந்தது. மறுநாள் காலை, வாயில் திறந்ததும் புறப்பட்டும், விளக்க மையத்தை அடைந்தபோது வழிகாட்டியின் வண்டி கிளம்பிவிட்டிருந்தது. அடுத்த சுற்றில் இடம் இல்லை. அதற்கடுத்த நாள் எனக்கு விமானம்.

குன்றை விட்டுவிட்டவர் எதை இழக்கிறார் என்பதை, இரண்டாவது பயணத்தில் மேலே ஏறிய பிறகுதான் நான் உணர்ந்தேன். சுமார் 30 மீட்டர் உயரமும் 300 மீட்டர் நீளமும் உள்ள, செங்குத்தான பக்கங்களைக் கொண்ட மணற்பாறை அது; தொலைவிலிருந்து பார்ப்பவருக்குச் சுற்றிலும் உள்ள மற்ற பாறைகளுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. வழிகாட்டி முதலில் கே2 என்ற பழைய குடியிருப்பைப் பற்றிச் சொல்வார். குன்றிலிருந்து சுமார் 1 கி.மீ. தொலைவிலுள்ள அவ்விடத்தில் தலைவனும் மக்களும் ஒரே தளத்தில், மாட்டுத் தொழுவத்தைச் சூழ்ந்து வாழ்ந்தார்கள். 1220 வாக்கில் தலைநகர் இங்கே மாறியபோது, அரசன் குன்றின் உச்சிக்குப் போனான். மக்கள் அடிவாரத்தில் தங்கினார்கள். தென்னாப்பிரிக்கப் பகுதியில் ஆள்பவனும் ஆளப்படுபவரும் இடத்தால் பிரிந்த முதல் சமூகம் இதுவே என்று தொல்லியலாளர்கள் கருதுவதன் பொருள், அந்தக் குறுகிய பிளவின் வழியே மூச்சிரைக்க ஏறும்போது விளங்குகிறது. இன்று மரப்படிகள் இருக்கின்றன. அன்று படிக்கட்டைகளைச் செருகுவதற்காகப் பாறையில் குடைந்த சிறு துளைகளை வழிகாட்டி தொட்டுக் காட்டுவார். உச்சியில், பாறையிலேயே வரிசையாகக் குடைந்த பலகை விளையாட்டுக் குழிகள் உள்ளன. பல்லாங்குழி ஆடி வளர்ந்த ஒருவருக்கு அவற்றின் முன் குனிந்து நிற்கும்போது ஏற்படும் நெருக்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, முதலில் பாரம்பரியச் சுற்றின் நாளை உறுதிசெய்யுங்கள். அதன் பிறகு கிழக்குப் பகுதியில் உள்ள லியோக்வே முகாமில் இடம் கேளுங்கள். மேற்கு முகாம் வேண்டுமானால் அதை இரண்டாம் இரவுக்கு வையுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்களில் எத்தனை பேரை நான் அந்த மேடையில் சந்தித்துவிட்டேன் என்பதை நினைக்கும்போது இன்றும் எரிச்சல் தணிவதில்லை.

விலங்குப் பட்டியலோடு வருவது

சிங்கம் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் குரூகர் தேசியப் பூங்காவுக்குப் போகலாம். இங்கே சிங்கம் எப்போதாவதுதான் கண்ணில் படும். யானைகள் மூன்று நாடுகளுக்கிடையே ஆற்றைக் கடந்து போய்வருகின்றன. குளிர்காலத்தின் இறுதியில் லிம்போபோ வெறும் மணற்படுகையாகக் கிடக்கும்போது, பிற்பகலில் அவை மணலைத் தோண்டி நீர் தேடுவதைக் காட்சி மேடையிலிருந்தே காணலாம். பாறை விளிம்பில் குளம்பு நுனியில் நிற்கும் கிளிப்ஸ்பிரிங்கர் மான், ஈலண்ட், ஜெம்ஸ்போக் என்ற பெரிய மான்கள், ஆற்றோர மரங்களில் மறைந்திருக்கும் பெல் மீன்பிடி ஆந்தை ஆகியவை இந்த நிலத்துக்குரியவை. ஒரு பெருக்க மரத்தடியில் வண்டியை நிறுத்திப் பொறுமையாக இருப்பவருக்கு இங்கே குறைவு இல்லை.

கோடையில் வருவது

டிசம்பர், ஜனவரியில் வெப்பம் 40 பாகையைக் கடக்கும். மே முதல் செப்டம்பர் வரையே ஏற்ற காலம். மலேரியா உள்ள பகுதி என்பதால் புறப்படும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

எரிபொருள்

முசினாவிலோ ஆல்டேஸிலோ நிரப்பிவிடுங்கள், பூங்காவில் கிடைக்காது.

ஆற்று மணலில் இறங்குவது

அது நாட்டின் எல்லை. இறங்காதீர்கள்.

கல்லறை என்பதை மறப்பது

1930-களில் குன்றின் உச்சியில் தோண்டியபோது கண்டெடுத்த கல்லறைகளுள் மூன்றில் பொன் இருந்தது. அதற்கு முன்பே சுற்றுவட்டார மக்கள் அக்குன்றைப் புனிதமாகக் கருதி, அதைப் பற்றிப் பேசவும் தயங்கினார்கள். எடுத்துச் செல்லப்பட்ட மனித எச்சங்கள் நெடுங்காலம் கழித்து, வெண்டா, லெம்பா உள்ளிட்ட வழித்தோன்றல் சமூகங்கள் கோரியதன் பேரில், 2007 நவம்பரில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. அப்படிப்பட்ட இடத்தில், கைகளை விரித்துக் குதித்துப் படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தை நான் கண்டிருக்கிறேன். அன்று எங்களோடு வந்த வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம்மவர் வீட்டுச் சமாதியில் யாரேனும் அவ்வாறு ஆடினால் நாமும் அப்படித்தான் திரும்பிக்கொள்வோம். பானை ஓட்டுத் துண்டு காலடியில் கிடந்தால், எடுத்துப் பார்க்காதீர்கள். அது கிடக்கும் இடமும் ஒரு சான்று.

மணிகளுக்கு உரிமை கொண்டாடுவது

இந்தியப் பெருங்கடல் வாணிகத்தின் வழியே, தந்தத்துக்கும் பொன்னுக்கும் ஈடாக, இங்கே கண்ணாடி மணிகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் தெற்காசியாவில் செய்தவையும் உண்டு. இதைக் கேட்டவுடன், இவை எங்கள் அரிக்கமேட்டிலிருந்து வந்தவை என்று வழிகாட்டியிடம் அடித்துச் சொன்ன ஒரு நண்பரை நான் அழைத்துச் சென்றிருந்தேன். தெற்காசிய மணி என்பதால் மட்டும் ஓர் ஊரைச் சொல்லிவிட முடியாது. அதைவிட வியப்பானது, வந்த சிறு மணிகளை கே2 மக்கள் உருக்கி, களிமண் அச்சில் வார்த்து, பெரிய மணிகளாக மாற்றினார்கள் என்பது. அந்தக் கைத்திறனைப் பற்றிக் கேட்டால், வழிகாட்டி மகிழ்ச்சியோடு அரை மணி நேரம் பேசுவார்.

பொன் காண்டாமிருகத்தை இங்கே தேடுவது

அது பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் வசம், பிரிட்டோரியாவில் இருக்கிறது. மரத்தில் செதுக்கிய உருவின் மேல் மெல்லிய பொன்தகட்டைப் போர்த்திச் சிறு பொன் ஆணிகளால் இறுக்கியிருந்தார்கள். மரம் மட்கிப்போனது, தகடு நின்றது. கையகலமே உள்ள அதைப் போகும்போது பார்ப்பதைவிட, குன்றில் ஏறி இறங்கிய பிறகு, ஜோகன்னஸ்பர்க் திரும்பும் வழியில் பார்ப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். அதற்கென ஓர் அரை நாளை ஒதுக்கி, காட்சிக்கூடம் திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.