சீலிங் லைட் மாற்றுவது எப்படி? மெயினை அணைத்தால் மட்டும் போதாது

போன வாரம் எங்கள் ஹாலில் பல்பு மாட்டும் பழைய பேட்டன் ஹோல்டரைக் கழற்றிவிட்டு 12 வாட்ஸ் எல்.இ.டி. சர்ஃபேஸ் லைட் மாட்டினேன். மாட்டுவது சுலபம். எந்த ஒயர் எது, அதில் கரண்ட் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதில்தான் கவனம் வேண்டும்.

1. ஃபேஸ் எது?

சிவப்பு ஃபேஸ் (கரண்ட் வரும் ஒயர்), கறுப்பு நியூட்ரல் (கரண்ட் திரும்பும் ஒயர்), பச்சை எர்த் (தரைக்குப் போகும் பாதுகாப்பு ஒயர்). த்ரீ ஃபேஸ் வீடு என்றால் மஞ்சள், நீலமும் ஃபேஸ்தான். ஆனால் நிறத்தை நம்பாதீர்கள். எங்கள் ஹோல்டரைத் திறந்தால் உள்ளே இரண்டுமே கறுப்பு. வீடு கட்டியபோது கையில் இருந்த ஒயரை இழுத்திருக்கிறார்கள்.

அதனால் ஹோல்டரைத் திறப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். செருப்புப் போட்டு, காய்ந்த மர ஸ்டூலில் ஏறி, பல்பை மட்டும் கழற்றுங்கள். ஸ்விட்சைப் போட்டு, உள்ளே இருக்கும் இரண்டு பின்னிலும் ஒவ்வொன்றாக டெஸ்டரை (கரண்ட் இருந்தால் உள்ளே சின்ன நியான் விளக்கு எரியும் ஸ்குரூடிரைவர்) வையுங்கள். எதில் எரிகிறதோ அது ஃபேஸ். அந்தப் பக்கம் சீலிங்கில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

இப்போது ஸ்விட்சை அணையுங்கள். இரண்டிலும் எரியக் கூடாது. அணைத்த பிறகும் ஒன்றில் எரிந்தால், ஸ்விட்சை ஃபேஸில் கொடுக்காமல் நியூட்ரலில் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் அந்த ஹோல்டரில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். அப்படியே விட்டுவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். முதலில் சரிசெய்ய வேண்டியது அதுதான்.

டெஸ்டர் வாங்கும்போது காசு பார்க்காதீர்கள். நான் டபாரியா கம்பெனி டெஸ்டர்தான் வைத்திருக்கிறேன். பிளாட்பாரத்தில் கிடைப்பது ஒரு நாள் எரியும், மறுநாள் எரியாது; எரியாத டெஸ்டர் கரண்ட் இல்லை என்று நம்மை நம்பவைத்துவிடும். ஒவ்வொரு முறையும் வேலை செய்யும் பிளக் பாயின்ட்டில் வைத்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

2. கரண்டை நிறுத்துவது

நான் மாட்டிக்கொள்ள இருந்த இடம் இது. ஸ்விட்ச் போட்டபடியே மெயினை அணைத்தேன், ஹோல்டர் மூடியைத் திருகிக் கழற்றினேன். பழக்கதோஷத்தில் டெஸ்டரை வைத்தால் உள்ளே நியான் சிவப்பாக எரிகிறது! அப்போதுதான் மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் உறுமுவது காதில் விழுந்தது. மெயின் போனதும் அது பேட்டரியிலிருந்து அதே லைனுக்குக் கரண்ட் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அதுவும் 230 வோல்ட்தான். பேட்டரிதானே என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்வெர்ட்டரை மட்டும் அணைத்தாலும் போதாது. பல இன்வெர்ட்டர்களில் முன்பக்க ஸ்விட்சை அணைத்தாலும் ஈ.பி. கரண்ட் உள்ளே புகுந்து நேராக லைட்டுக்குப் போய்விடும். முதலில் மெயின், அப்புறம் இன்வெர்ட்டர். இரண்டையும் அணைத்து, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, ஸ்விட்சைப் போட்டு மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் ஒயரைத் தொட வேண்டும்.

3. மாட்டுவது

கோடு போட்ட பக்கத்து ஒயரில் சிவப்பு டேப் சுற்றிவிட்டு இரண்டையும் கழற்றுங்கள். பழைய ஒயரின் முனை வளைந்து வளைந்து நைந்திருக்கும். அதை வெட்டிவிட்டு அரை அங்குலத்துக்கு மேல் உறையைப் புதிதாகச் சீவுங்கள். பல்லால் கடித்து இழுக்காதீர்கள், கம்பி இழைகள் அறுந்துபோகும். சீலிங்கில் ஒயர் நீளம் குறைவாகத்தான் இருக்கும், அறுந்தால் மறுபடி வெட்டிச் சீவ இடம் இருக்காது.

இணைக்க, முறுக்கி டேப் சுற்றுவதைவிட ஸ்குரூ கனெக்டர்தான் எனக்குப் பிடிக்கும். லைட் சூட்டில் டேப்பின் பசை இளகிவிடுகிறது. இணைத்ததும் ஒவ்வொரு ஒயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். உலோக பாடி லைட் என்றால் பச்சை ஒயரை எர்த்தில் கொடுத்தே ஆக வேண்டும். அப்புறம் கிளாம்பைத் திருகி லைட்டை ஏற்றிவிடலாம்.

பின்சேர்க்கை: அணைத்த பிறகும் புது எல்.இ.டி. மங்கலாக மினுங்குகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஸ்விட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருக்கிறதா பாருங்கள். அதன் வழியாகக் கசியும் கொஞ்சம் கரண்டே எல்.இ.டி.க்குப் போதும், சாதாரண ஸ்விட்ச் மாற்றினால் நின்றுவிடும். இண்டிகேட்டர் இல்லாமலேயே மினுங்கினால் முதல் படிக்குப் போய், ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள்.