சென்னையிலிருந்து ஹாம்பர்க்: ஷிப்மென்ட் டேட்டா கெடாமல் வேலையை மாற்றுவது எப்படி?

ஜெர்மனிக்குப் போய் வேலையைத் தொடரும்போது லேப்டாப்பும் விபிஎன்னும் பெரும்பாலும் சரியாகவே ஓடும். கெடுவது ஃபைலுக்குள் இருக்கும் எண்களும் தேதிகளும்தான். பிழைச் செய்தி எதுவும் வராது. பில் போன பிறகுதான் தெரியும்.

படி 1: கிளம்பும் முன்

ஜெர்மனியில் வேலை பார்க்க அனுமதிக்கும் விசா கையில் இருக்க வேண்டும். ஷெங்கன் சுற்றுலா விசாவில் அலுவலக வேலை செய்யக் கூடாது. லாகின் ஓடிபி இந்திய சிம்முக்கு வருகிறதென்றால் அதை ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாற்றுங்கள். பிறகு 20 ஷிப்மென்ட் உள்ள ஒரு சிஎஸ்வி ஃபைலை (நெடுவரிசைகளைக் கமாவால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்) தனியாக வைத்து, மொத்த எடை, மொத்த கன மீட்டர், முதல் தேதி, கடைசித் தேதி நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சரிபார்க்க இது போதும்.

படி 2: புள்ளியும் கமாவும்

அதிகம் அடிபடும் இடம் இது. ஜெர்மன் அமைப்பில் தசமத்துக்குக் கமா, ஆயிரத்துக்குப் புள்ளி. நம் ஃபைலில் 18.750 கன மீட்டர் என்றிருப்பதை அங்குள்ள எக்ஸெல் பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது என்று படிக்கும். 12.5 டன் என்பது மே 12 என்ற தேதியாகிவிடும். சிஎஸ்வியில் நெடுவரிசைகளைப் பிரிக்க அங்கே செமிகோலன் என்பதால், நம் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் எல்லாம் ஒரே நெடுவரிசையில் வந்து குவியும்.

ஆகவே டபுள் கிளிக் வேண்டாம். எக்ஸெலில் டேட்டா டேப் வழியாக சிஎஸ்வியை எடுத்து, டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா கொடுங்கள். அப்போது திறக்கும் பவர் குவெரி (எக்ஸெலில் டேட்டாவை எடுத்து மாற்றும் கருவி) தானாகச் சேர்க்கும் ‘சேஞ்ச்டு டைப்’ படியை நீக்குங்கள். எடை நெடுவரிசையில் ரைட் கிளிக் செய்து, சேஞ்ச் டைப், யூசிங் லொகேல், டெசிமல் நம்பர், இங்கிலீஷ் (இந்தியா) என்று தேர்ந்தெடுங்கள். தேதிக்கும் இதே வழி.

படி 3: குறியீடுகள் எண்கள் அல்ல

எச்எஸ் கோடு (சுங்கத்துக்கான சரக்கு வகைக் குறியீடு), பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) எண், அஞ்சல் குறியீடு மூன்றையும் டெக்ஸ்டாகவே வையுங்கள். வறுக்காத காபியின் 090111 எண்ணாக மாறினால் 90111 ஆகிவிடும். டிரெஸ்டனின் 01067க்கும் அதே கதி. நம் பின்கோடு பூஜ்யத்தில் தொடங்காததால் இந்தச் சிக்கல் இங்கே கண்ணில் பட்டிருக்காது. 15 இலக்கத்துக்கு மேல் நீளும் எண்ணில் மிச்ச இலக்கங்களை எக்ஸெல் பூஜ்யமாக்கிவிடும்.

ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட கன்டெய்னர் எண்ணில் இந்தத் தவறைக் கடைசி இலக்கம் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். கணக்கு இதுதான்: ஏ = 10 என்று தொடங்கி, 11, 22, 33 ஆகியவற்றைத் தவிர்த்து எழுத்துகளுக்கு மதிப்பு கொடுங்கள். முதல் பத்து இடங்களை 1, 2, 4, 8 என இரட்டித்து 512 வரை பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம். மீதி 10 என்றால் 0. சிஎஸ்கியூயு (CSQU) 3054383 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3.

படி 4: நேரம்

சேமிப்பது யுடிசியில் (உலகப் பொது நேரம்), காட்டுவது அந்தத் துறைமுகத்தின் நேரத்தில். சென்னையில் ஜூலை 16 அதிகாலை 2 மணிக்குத் துறைமுக கேட்டைத் தாண்டிய கன்டெய்னர், ஹாம்பர்க் நேரத்தில் ஜூலை 15 இரவு 10.30. டிமரேஜ், டிடென்ஷன் (கன்டெய்னரைத் துறைமுகத்திலோ வெளியிலோ கெடு தாண்டி வைத்திருப்பதற்கான கட்டணங்கள்) நாள்களைத் துறைமுகத் தேதியை வைத்தே எண்ணுவார்கள். லேப்டாப் காட்டும் தேதியை நம்பினால் கணக்கு ஒரு நாள் பிசகும், அந்த ஒரு நாளுக்குப் பணம் உண்டு.

இரு ஊர்களுக்கும் வித்தியாசம் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் இது மாறும். சென்னைக் குழு காலை 9 மணிக்கு எதிர்பார்க்கும் ரிப்போர்ட்டை யுடிசி 3.30க்குத் திட்டமிட்டால் ஆண்டு முழுவதும் நேரத்துக்குப் போகும். கோடையில் ஹாம்பர்க் நேரத்தில் வைத்தால், அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு மறுநாள் ரிப்போர்ட் ஒரு மணி நேரம் தாமதமாகி சென்னையிலிருந்து ஃபோன் வரும்.