லோவர் ஆம் மாற்றிய கதை

கல்லடிப் பக்கம் எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் எங்கட சுசுகி எவ்ரி வானின் முன்பக்கம் 'டக்' என்று தட்டும். ஜக்கால் தூக்கி, ஸ்டாண்ட் வைத்துப் பார்த்தால் இரண்டு லோவர் ஆமிலும் (முன் சில்லை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை) புஷ் றப்பர் (அந்தக் கை பொருந்தும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் றப்பர்) வெடித்துக் கிடந்தது. புஷ்ஷை மட்டும் அழுத்தி ஏற்றும் பிரஸ் இயந்திரம் வீட்டில் இல்லை. முழு ஆமையே மாற்ற முடிவு. ('ஆமை மாத்தப்போறன்' என்றதும் மகள் கிணற்றை எட்டிப் பார்த்தாள்.)

கடற்காற்றில் போல்ட்டெல்லாம் துரு. இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்தும், ஒன்று ஸ்பெனரில் நீளக் குழாய் கொழுவிய பிறகுதான் அசைந்தது.

பிழைவிட்டது வேறிடத்தில். வான் அந்தரத்தில் நிற்கும்போதே புஷ் போல்ட்டை இறுக்கிவிட்டேன். அப்படி விட்டால் வண்டி இறங்கியதும் றப்பர் முறுகியே நிற்கும், கெதியாகக் கிழியும். திரும்பத் தளர்த்தி, சில்லு நிலத்தில் பாரம் தாங்கிய பிறகு இறுக்கினேன். அடுத்தநாள் கராஜில் சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் எலைன்மென்ட்.