ஜாம்பித் தொடருக்குக் காட்சி எழுதப் பழகலாம்: ஒரு காங்கேயம் கிணறு, ஒரு ஆயில் எஞ்சின்

போன மாதம் நான் எழுதிய ஒரு காட்சியை, பம்ப்செட் வேலை பார்க்கும் மாமா ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்று பக்கத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏப்பா மாப்ளே, தண்ணி அம்பதடிக்குக் கீழ கெடக்குது. மேட்டுல வெச்ச இஞ்சின் அதை எப்படி இழுக்கும்?"

காட்சி அங்கேயே படுத்துவிட்டது. அதைத் திரும்ப எழுப்பி நிறுத்தியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நீங்கள் இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை என்றாலும் பரவாயில்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதல் படி: செத்தவர்களுக்குச் சட்டம் எழுதுங்கள்

ஜாம்பி என்றால் செத்தபின் எழுந்து நடமாடுகிறவர்கள். அவர்களால் என்ன முடியும், என்ன முடியாது என்று மூன்று வரி போதும். என் கதையில்: ஓசை வந்த திசைக்கு நடப்பார்கள். முள்ளைப் பிரித்து நுழையவோ கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கவோ தெரியாது. எதிரே பள்ளம் இருந்தாலும் நிற்க மாட்டார்கள். எழுதியபின் இதை மாற்றக் கூடாது. ஐந்தாம் எபிசோடில் உங்களுக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக அவர்கள் திடீரென்று ஓட ஆரம்பித்தால், அதுவரை நம்பிப் பார்த்தவர் நம்மை விட்டுப் போய்விடுவார்.

இரண்டாம் படி: உங்களுக்குத் தெரிந்த மண்ணில் நிறுத்துங்கள்

நியூயார்க் தெரு வேண்டாம். என் காட்சி காங்கேயம் பக்கத்தில் ஒரு கொறங்காட்டில் நடக்கிறது. கொறங்காடு பார்க்காதவர்களுக்கு: கொழுக்கட்டைப்புல்லும் வெள்ளவேல மரமும் உள்ள மேய்ச்சல் காடு. சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி. காங்கேயம் மாடுகளை அதற்குள் விட்டுப் படலைச் சாத்திவிட்டால் காவலுக்கு ஆள் வேண்டாம். மாட்டை உள்ளே நிறுத்தும் வேலி செத்தவர்களை வெளியே நிறுத்தாதா? இந்த ஒரு யோசனை கிடைத்ததும் கதைக்குக் கோட்டை கிடைத்துவிட்டது. கோட்டைக்குப் பலவீனமும் கூடவே கிடைத்தது: மூங்கிலும் முள்ளும் வைத்துக் கட்டிய படல். தள்ளுகிறவர்கள் பத்துப் பேரானால் அது தாங்காது.

உள்ளே இருப்பவர்கள் இரண்டு பேர். எழுபது தாண்டிய அப்பாரு. கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துவிட்டு ஊருக்குத் தப்பி வந்த பேரன். மாடு கன்று பன்னிரண்டு. கரண்ட் போய் நாலு நாள்.

மூன்றாம் படி: முடிவெடுக்கும் ஆளின் பக்கத்தில் உட்காருங்கள்

இதுதான் முக்கியமான படி. பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும். இசை மாறுவது தெரியும், கதவுக்குப் பின்னால் யார் என்று தெரியும். பாத்திரத்துக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு முடிவுக்கும் நோட்டில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அந்த நிமிடம் அவனுக்கு என்ன தெரியும்? எதை இழக்க அவனால் முடியாது? எவ்வளவு நேரம் இருக்கிறது?

'தி வாக்கிங் டெட்' என்ற அமெரிக்க ஜாம்பித் தொடரின் இரண்டாம் சீசனில் (2011இல் தொடங்கியது) இதற்கு நல்ல உதாரணமும் இருக்கிறது, மோசமான உதாரணமும் இருக்கிறது. இரண்டும் ஒரே பண்ணையில் நடக்கின்றன.

நல்லதை முதலில் பார்ப்போம். ஹெர்ஷல் என்ற பெரியவர் செத்து எழுந்தவர்களைத் தன் தானியக் கொட்டகையில் பூட்டி வைத்திருக்கிறார். அதில் அவர் மனைவியும் ஒருத்தி. வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம். மூன்று கேள்வியையும் போட்டுப் பாருங்கள். அவரைப் பொறுத்தவரை இது நோய்; நோய் என்றால் ஒருநாள் மருந்து வரும். இழக்க முடியாதது மனைவி. அவசரம் ஒன்றுமில்லை, பண்ணை அமைதியாக இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் அவர் வேறு எதையும் செய்திருக்கவே முடியாது. ஏழாம் எபிசோடில், பண்ணையில் அடைக்கலம் புகுந்த கூட்டத்தைச் சேர்ந்த ஷேன் கதவை உடைக்க, வெளியே வந்தவர்கள் எல்லோரையும் சுட்டு முடித்தபின் கடைசியாக, அந்தக் கூட்டம் அத்தனை நாளும் தேடிய சிறுமி சோபியா தள்ளாடி வருகிறாள். ஹெர்ஷலின் நம்பிக்கையும், தேடியவர்களின் நம்பிக்கையும் ஒரே வாசலில் உடைகின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதே சீசனில் நாலாம் எபிசோடில் கிணற்றுக்குள் ஊதிப்போன ஒரு பிணம் நடமாடுகிறது. சுட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்று சொல்லி, அந்தக் கூட்டத்தில் ஒருவனான க்ளென்னைக் கயிற்றில் கட்டித் தூண்டில் இரை மாதிரி உள்ளே இறக்குகிறார்கள். மேலே இழுக்கும்போது அது இரண்டாகப் பிய்ந்து விழுகிறது. காட்சி பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஊறிக்கிடந்த தண்ணீரை யார் குடிப்பார்கள்? நம் ஊரில் கிணற்றில் ஒரு நாய் விழுந்து செத்தாலே மொத்தத் தண்ணீரையும் இறைத்து ஊற்றாமல் தொட மாட்டோம். அங்கே முடிவை எடுத்தது பாத்திரம் இல்லை, காட்சி வேண்டும் என்று நினைத்த எழுத்தாளர்.

நான்காம் படி: எண்ணிப் பாருங்கள்

என் காட்சிக்கு வருவோம். தாகத்தில் மாடுகள் கத்துகின்றன. ராத்திரி முழுக்கக் கத்தினால் செத்தவர்கள் வந்துவிடுவார்கள். பேரன் ஆயில் எஞ்சினைப் போடலாம் என்கிறான். எஞ்சினும் சத்தம் போடும். படலைத் திறந்து மாடுகளை விரட்டிவிடலாம் என்றால் அப்பாரு ஒத்துக்கொள்ளவில்லை. "அதுகளைத் தொரத்தீட்டு நானிருந்து என்ன பண்றதுங் சாமி?" என்கிறார். அவரால் இழக்க முடியாதது அது.

பார்ப்பவர் உடனே கேட்பார்: வாளியில் சேந்தினால் என்ன? இதைப் போகிற போக்கில் விடக் கூடாது, கணக்குப் போட வேண்டும். வெயில் காலத்தில் ஒரு மாட்டுக்கு நாளைக்குச் சுமார் 40 லிட்டர் என்று வைத்தால் பன்னிரண்டுக்கு 480 லிட்டர். 12 லிட்டர் குடத்தில் 40 குடம். ஐம்பதடி ஆழத்திலிருந்து ஒரு குடம் இழுத்துத் தொட்டியில் ஊற்ற மூன்று நிமிடம் என்றாலும் இரண்டு மணி நேரம், கிரீச்சிடும் உருளையோடு. பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம்தான். எஞ்சின் ஓடினால் பத்து நிமிடத்துக்குள் தொட்டி நிரம்பும். இப்போது பேரன் முட்டாள் இல்லை. நானே அங்கே நின்றாலும் எஞ்சினைத்தான் போட்டிருப்பேன்.

ஐந்தாம் படி: அந்த வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்

மாமா கேட்ட கேள்வி இங்கேதான் வருகிறது. பம்ப் தண்ணீரை உறிஞ்சுவது இருபது, இருபத்தைந்து அடி வரைக்கும்தான். அதற்கு மேல் காற்றழுத்தம் உதவாது. அதனால்தான் அந்தக் காலத்தில் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி எஞ்சினை இறக்கி வைத்தார்கள். நான் எஞ்சினைத் தரையில் வைத்து எழுதியிருந்தேன்.

திருத்த உட்கார்ந்தபோதுதான் அந்தத் தப்பு எனக்கு எவ்வளவு நல்லது செய்திருக்கிறது என்று புரிந்தது. இப்போது பேரன் கற்படியில் கிணற்றுக்குள் இறங்க வேண்டும். கிணற்றுக்குள் ஓடினால் சத்தம் வெளியே அவ்வளவாகப் போகாது என்று அவன் நினைக்கிறான். நியாயமான நினைப்புதான். ஆனால் புகை உள்ளேயே தங்கினால் மூச்சு முட்டிச் சாக வேண்டியதுதான் என்பதால் புகைக்குழாயை மேலே கிணற்று மேடு வரைக்கும் கொண்டுவந்திருப்பார்கள். சத்தம் அந்த வழியாக ஊருக்கே கேட்கும். இது அப்பாருக்குத் தெரியும். அவர் அந்நேரம் காட்டின் மறுகோடியில் படலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் மாமா சொன்னார். நாள்பட்டு நின்ற பம்பில் புட்வால்வு (குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு) கசிந்து குழாயில் தண்ணீர் இறங்கியிருக்கும். வாளியில் மொண்டு ஊற்றிக் குழாயை நிரப்பினால்தான் இழுக்கும். பத்து நிமிடம் இருபதாகிறது. எஞ்சின் இரைச்சலில் பேரனுக்கு மேலே நடப்பது எதுவும் கேட்காது. வட்டமாகத் தெரியும் வானத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆறாம் படி: முன்கூட்டியே விதையுங்கள்

பல வருடம் கிடந்த எஞ்சின் எப்படி உடனே கிளம்பும்? முதல் எபிசோடிலேயே அப்பாரு ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒருமுறை ஓட்டி நிறுத்துவதைக் காட்டிவிடுங்கள். இருபது வினாடி போதும். டீசல் கேன் போன மாதம் வாங்கியது என்பதும் பேச்சோடு பேச்சாக வரட்டும். ஆபத்திலிருந்து காப்பாற்றும் எதுவும் முன்பே கண்ணில் பட்டிருக்க வேண்டும். வாக்கிங் டெட் ஆறாம் சீசனில் க்ளென் செத்துவிட்டான் என்று நம்ப வைத்து, சில வாரம் கழித்துக் குப்பைத்தொட்டிக்கு அடியில் புகுந்து பிழைத்துக்கொண்டான் என்று காட்டினார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஏமாந்த மாதிரிதான் இருந்தது.

ஏழாம் படி: முடிவுக்கு விலை வையுங்கள்

தொட்டி நிரம்பிவிட்டது. மாடுகள் குடிக்கின்றன. பேரன் எஞ்சினை நிறுத்துகிறான். அப்போதுதான் மேலே படல் முறியும் சத்தம் கேட்கிறது. புகைக்குழாயைத் தேடி வந்த ஒருவன், சட்டப்படி, பள்ளத்தைப் பார்த்து நிற்காமல் பேரனின் தோளை உரசிக்கொண்டு தண்ணீருக்குள் விழுகிறான்.

அந்தப் பண்ணைக் கிணற்றில் நான் குறை சொன்ன அதே கேள்வி இப்போது என் மேஜைக்கு வந்துவிட்டது. இவர்களுக்கு வேறு கிணறு கிடையாது. தொட்டியில் இருப்பது ஒரு நாள் தண்ணீர். பேரனின் தோளில் பட்டது நகமா, கிணற்றுக் கல்லா என்று அவனுக்கே தெரியவில்லை. அப்பாரு கைவிளக்கோடு கிணற்று மேட்டுக்கு வருகிறார். மூன்று கேள்வியையும் நோட்டில் எழுதி, இந்த முறை அப்பாருக்காகப் பதில் எழுதுங்கள். அப்புறம் காட்சியை இரண்டு பக்கத்துக்கு எழுதி, கிணறு தெரிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.